ராஜா தானா நடந்தால்: பழைய பிஎஸ்பியில் 300 ஆடுவது எப்படி

"மாமா, நான் ஒண்ணுமே அமுக்கலை. ராஜா தானா நடந்து போயி அடி வாங்குறாரு."

முழுப்பரீட்சை லீவுக்கு உசிலம்பட்டியிலிருந்து வந்த அக்கா மகன், பரணில் கிடந்த என் பிஎஸ்பியை, அதாவது சோனியின் கையடக்க கேம் மிஷினை, தோண்டி எடுத்துவிட்டான். 2008இல் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த 'பிஎஸ்பி-2000' மாடல். உள்ளே இருந்த டிஸ்க் '300: மார்ச் டு குளோரி'. 2007இல் '300' என்ற ஹாலிவுட் படம் வந்த சமயத்திலேயே பிஎஸ்பிக்கு என்று வந்த கேம். கிரேக்க ஊரான ஸ்பார்டாவின் லியோனிடாஸ் ராஜாவாக நின்று பாரசீகப் படையை வெட்டித் தள்ள வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடந்தால், சண்டைக்கு முன்னால் மிஷினைப் பாருங்கள்.

முதலில் பேட்டரி. பின்மூடி லேசாக மேடுதட்டியிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி இல்லாமலேயே சார்ஜரில் பிஎஸ்பி ஓடும். என்ன, ஆட்டத்துக்கு நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மாற்று பேட்டரி வாங்கினால் 1200 எம்ஏஎச் என்று போட்டதை வாங்குங்கள். 2000, 3000 மாடலோடு வந்த அளவு அதுதான். நான் ஆன்லைனில் 3600 என்று அச்சடித்த ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, நாலு மாசத்தில் அதுவும் பணியாரம் மாதிரி உப்பியது. அதே தடிமனில் மூணு மடங்கு எங்கிருந்து வரும்? வாங்கும்போது அந்த யோசனை வரவில்லை.

அடுத்தது டிஸ்க். மேலே இருக்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், பசை விட்டுக் கழன்றிருக்கும். விளிம்பில் மட்டும், அதுவும் குண்டூசி முனையால் தொட்டு, ஃபெவிக்விக் வையுங்கள். ட்யூபிலிருந்து நேராக விட்டால் உள்ளே போய் டிஸ்க்கே சுற்றாது.

இனி தானா நடக்கும் ராஜா. இடது பக்கம் இருக்கும், ராஜாவை நகர்த்தும் அனலாக் குமிழில் பதினாறு வருசத் தூசி. 2000 மாடலில் முன்மூடியைக் கழற்றினால்தான் கை எட்டும். கண்ணுக்குத் தெரிகிற ஸ்க்ரூவை எல்லாம் எடுத்தும் மூடி வரவில்லையா? நெம்பாதீர்கள். பேட்டரிக் குழிக்குள் ஸ்டிக்கருக்கு அடியில் பாருங்கள், அங்கேயும் ஒளிந்திருக்கும். கழற்றிய ஸ்க்ரூக்களை எந்த இடத்தில் எடுத்தீர்களோ அதே வரிசையில் ஒரு பேப்பரில் ஒட்டி வையுங்கள். நீளம் எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. செல்போன் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஐபிஏவில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) பட்ஸை நனைத்து, பிழிந்துவிட்டு, குமிழின் தொடர்பு முனைகளைத் துடையுங்கள். எனக்கு முதல் பட்ஸ் காபி டிகாக்‌ஷன் கலரில் வந்தது. மூன்றாவது பட்ஸ் வெள்ளையாக வந்தபின்தான் ராஜா நின்ற இடத்தில் நின்றார்.

மெமரி ஸ்டிக் என்ற குட்டி கார்டு இல்லாமலும் கேம் ஓடும், ஆனால் சேவ் ஆகாது. 2000 மாடலுக்குள் சேவ் வைக்க வேறு இடமே கிடையாது. 'ப்ரோ டுயோ' என்ற அந்தப் பழைய கார்டு கிடைக்காவிட்டால், மைக்ரோ எஸ்டியைச் செருகும் அடாப்டர் போதும். போட்டவுடன் செட்டிங்ஸில் போய் பிஎஸ்பியிலேயே ஒருமுறை ஃபார்மேட் செய்துவிடுங்கள்.

சரி, சண்டை. மிஷின் சரியான பிறகும் பயல் அதே இடத்தில் செத்துக்கொண்டிருந்தான். இந்த முறை குற்றம் கட்டை விரலில். மைதானத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு கைக்குக் கிடைத்த பட்டனை எல்லாம் அமுக்குகிறான். முதுகில் குத்து விழுகிறது. அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்: "அலங்காநல்லூருல எத்தனை நூறு மாடு நின்னாலும் வாடிவாசல்ல ஒவ்வொண்ணாத்தானேடா வரும்? நீ ஏன் மந்தைக்குள்ள போயி நிக்குற?" நிஜத்தில் கி.மு. 480இல் கிரேக்கத்தின் தெர்மோபைலேயில் நடந்ததும் இதுதான். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் இடுக்கு. அதனால்தான் அவ்வளவு பெரிய படையைக் கொஞ்சம் பேரால் மறிக்க முடிந்தது. (300 பேர் மட்டும் இல்லை. கடைசிவரை கூட நின்ற தெஸ்பியே ஊர்க்காரர்கள் 700 பேரைப் பாவம், யாரும் போஸ்டரில் போடுவதில்லை.)

ஆகவே முதுகைப் பாறைப் பக்கம் கொடுங்கள். கேடயத்தைத் தூக்கி முதல் அடியை வாங்குங்கள். எதிரியின் கை இறங்கும் அந்த நொடியில் இரண்டு வெட்டு, மூன்றாவது ஆசைப்படாமல் மறுபடி கேடயம். பயலுக்கு நான் வைத்த பயிற்சி: ஒரு முழுச் சண்டையில் எதிரி அடிக்காமல் நீ அடிக்கக் கூடாது. அரைமணி நேரம் முனகினான், அப்புறம் தாண்டிவிட்டான்.

வீரர்கள் கேடயத்தோடு கேடயம் கோத்து நகரும் கட்டங்களும் வரும். ஃபேலங்ஸ் என்பார்கள். அதில் வேகம் காட்டாதீர்கள். ஒருவன் கேடயம் பாதி அவனுக்கு, பாதி இடப்பக்கத்துக்காரனுக்கு. அணி மெதுவாகத்தான் நகரும். அம்பு வரும்போது நின்று தாங்குங்கள்.

எதிரிகளை வீழ்த்தினால் சேர்வது கிளியோஸ். கிரேக்கத்தில் புகழ் என்று பொருள். அதைச் செலவழித்து ராஜாவைத் தேற்றலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தூவாமல், கைக்குப் பழகிய ஆயுதத்துக்கே போடுங்கள்.

பஸ்ஸில் ஆடினால் ஒரு விஷயம். இறங்கும் இடம் வந்தால் பவர் சுவிட்சை மேலே ஒரு தட்டு தட்டி விடுங்கள். ஆட்டம் அப்படியே தூங்கும். மேலேயே பிடித்துக்கொண்டிருந்தால் மொத்தமாக அணைந்துவிடும். கீழே தள்ளினால் ஹோல்டு, பட்டன்கள் வேலை செய்யாது.

இதையெல்லாம் சொல்லித்தான் ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். செக்கானூரணி தாண்டுவதற்குள் போன். "மாமா, என் சேவைக் காணோம்!" சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பிப் பார்த்தால், பத்திரமாகக் காப்பி எடுத்து வைக்கிறேன் என்று நான் உருவிய மெமரி ஸ்டிக், கார்டு ரீடரிலேயே குத்தியிருக்கிறது.