வயலின் சாதகம்: சுருதியும் தாளமும் துணைக்கு இருந்தும் ஏன் சேரவில்லை?

கர்நாடக வயலினில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை முடித்து, அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்கு வந்த பிள்ளைகள் பலர் வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாதகம், அதாவது பயிற்சி, செய்கிறார்கள். ஒரு பக்கம் சுருதி கொடுக்கும் தம்புரா ஆப் ஓடுகிறது, இன்னொரு பக்கம் சீரான வேகத்தில் மெட்ரோனோம் தட்டுகிறது. அப்படியும் வகுப்பில் வந்து வாசித்தால் காந்தாரம் (க என்ற ஸ்வரம்) தூக்கிக்கொண்டு நிற்கிறது, இரட்டை வேகமான இரண்டாம் காலம் முந்திக்கொண்டு ஓடுகிறது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. தம்புரா பாட்டுக்கு ஓடுகிறது, இவர்கள் பாட்டுக்கு வாசிக்கிறார்கள். அதுதான் சிக்கல்.

தந்தி சேர்க்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. நம் முறையில் நான்கு தந்திகளும் மந்தர ஸ, மந்தர ப, மத்ய ஸ, மத்ய ப (ஸ என்பது சட்ஜம், ப என்பது பஞ்சமம்; மந்தரம் கீழ் ஸ்தாயி, மத்யம் நடு ஸ்தாயி). ட்யூனரில் பச்சை விளக்கு எரிந்ததும் பிருடையை (தந்தியை முறுக்கும் ஆணியை) விட்டுவிடுகிறார்கள். ட்யூனரைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தம்புராவை ஓடவிட்டு, பக்கத்துப் பக்கத்துத் தந்திகளான ஸ, ப இரண்டையும் ஒரே வில்லில் நீளமாக இழுத்துக் கேளுங்கள். சேராவிட்டால் ஒலிக்குள் ஒரு அலைவு கேட்கும். நெருங்க நெருங்க அந்த அலைவு மெதுவாகும், சரியாகச் சேர்ந்ததும் நின்றுவிடும். வாசிக்க வாசிக்கத் தந்தி இறங்கும் என்பதால், கால் மணிக்கு ஒரு தடவை இதைத் திரும்பப் பார்ப்பது நல்லது.

அடுத்தது காந்தாரம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஆரம்பப் பாடங்களெல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கின்றன, அதில் வருவது அந்தர காந்தாரம் என்ற வகை. இந்தக் காந்தாரம் தம்புராவுக்குள்ளேயே இருக்கிறது. மந்தர சட்ஜத் தந்தி ஒலித்து அடங்கும்போது உற்றுக் கேட்டால், மேலே மெல்லியதாக ஒரு காந்தாரம் பூத்து மறையும். யாரும் மீட்டாமல் தானாகப் பிறப்பதால் அதை ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். நம் விரல் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். கீபோர்டில் உள்ள காந்தாரம் இதைவிடச் சற்றுத் தூக்கலானது. ஒரு அரைச்சுர இடைவெளியை 100 பங்காகப் பிரித்தால் ஏறக்குறைய 14 பங்கு அதிகம். பஞ்சமத்தில் இந்த வித்தியாசம் 2 பங்குதான், காதுக்குத் தெரியாது. காந்தாரத்தில் நன்றாகவே தெரியும். ட்யூனர் ஆப்பும் பெரும்பாலும் கீபோர்டின் கணக்கில்தான் முள்ளைக் காட்டுகிறது. அதனால் கீபோர்டைத் துணைக்கு வைத்துக்கொண்டோ, முள்ளைப் பார்த்துக்கொண்டோ காந்தாரத்தைப் பழகியவர்கள், தம்புராவோடு உட்காரும்போது எங்கேயோ உறுத்துகிறதே என்று தவிக்கிறார்கள். ஸ்வர ஸ்தானம் பழகக் கீபோர்டு வேண்டாம். ஒரு முழு வில்லுக்குக் காந்தாரத்தை அசைவில்லாமல் நீட்டி, தம்புராவில் அது எங்கே கரைகிறது என்று தேடுங்கள். முதல் வாரம் பிடிபடாது. பிடிபட்ட நாளை மறக்க மாட்டீர்கள்.

இன்னொரு சோதனை வயலினிலேயே இருக்கிறது. மத்ய பஞ்சமத் தந்தியில் மூன்றாம் விரலால் தார சட்ஜம் (மேல் ஸ்தாயி ஸ) பிடியுங்கள். சுத்தமாகச் சேர்ந்தால் பக்கத்தில் சும்மா இருக்கும் சட்ஜத் தந்தி தானாக அதிரும். நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியும், வில்லை எடுத்த பிறகும் அதன் ஒலி மிச்சம் நிற்கும். விரல் நூலளவு தள்ளியிருந்தால் ஒலி செத்துவிடும். விரல் சரியான இடத்தில் இருந்தும் ஸ்வரம் இறங்கிக் கேட்டால் வில்லைப் பாருங்கள். அளவுக்கு மீறி அழுத்தினால் ஸ்வரமே தாழும்.

சத்தத்தின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தம்புராவை அலறவிட்டால் நம் அபஸ்வரம் நமக்கே கேட்காது. போனின் சின்ன ஸ்பீக்கரிலோ மந்தரம் சுத்தமாகக் கேட்பதில்லை. ஒரு சுமாரான ஸ்பீக்கரை எதிரே வைத்து, வயலின் ஒலி தம்புராவைவிடக் கொஞ்சம் மேலே கேட்கும்படி வைத்துக்கொண்டால் போதும்.

சரி, தாளத்துக்கு வருவோம். பாடுகிறவர்களுக்குக் கை சும்மா இருக்கிறது, தாளம் போட்டுக்கொள்ளலாம். வயலின்காரருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கிறது. வலது காலால் தட்டலாம் என்றால் வயலினின் தலை அந்தக் கணுக்காலில்தான் சாய்ந்திருக்கிறது, தட்டினால் வாத்தியமே ஆடும். அதனால் மெட்ரோனோமை நம்புகிறோம். ஆனால் எல்லாத் தட்டும் ஒரே மாதிரி ஒலித்தால், ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் (எண்ணிக்கையில்) தாளத்தின் உறுப்புகளான லகு எங்கே முடிந்தது, திருதம் எங்கே விழுந்தது என்று அது சொல்லாது. வாசிக்கும் முன் பாடத்தைக் கையில் தாளம் போட்டு வாயால் இரண்டு முறை சொல்லுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிடுகிறவர்களுக்கு, வெவ்வேறு தாளங்களில் அமைந்த அலங்காரம் என்ற பாடம் வரும்போது திணறல்தான். த்ருவ தாளத்தின் 14 அட்சரம் வெறும் டிக் டிக்கில் பிடிபடாது.

காலத்தை முடிவு செய்வதிலும் ஒரு தவறு உண்டு. முதல் காலத்தைக் கைக்கு வசதியான வேகத்தில் எடுத்துவிட்டு, மூன்றாம் காலம் வந்ததும் மெட்ரோனோமைக் குறைக்கிறார்கள். தட்டு மாறாமல் ஸ்வரம் மட்டும் இரட்டிப்பாவதுதான் மூன்று காலம், அப்படிச் செய்தால் அதற்கே பொருள் இல்லை. நிமிடத்துக்கு 60 தட்டு வைத்தால் 16 ஸ்வரம் கொண்ட முதல் சரளி முதல் காலத்தில் 16 நொடி, அடுத்து 8, அடுத்து 4. மூன்றாவதில் ஸ்வரங்கள் குழைகின்றனவா? 40-க்கு இறங்குங்கள். முதல் காலம் இழுவையாகத் தோன்றும், பரவாயில்லை, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முழு வில் கிடைக்கிறதே.

ஓட்டம் எங்கே தொடங்குகிறது என்று கவனித்தால் பெரும்பாலும் தந்தி மாறும் இடம்தான். ஸ்வரங்கள் ஏறும் ஆரோகணத்தில் ம முடிந்ததும் ப திறந்த தந்தி, விரல் வைக்கும் வேலை இல்லை, அதனால் முந்திக்கொண்டு விழுகிறது. இறங்கும் அவரோகணத்தில் ப முடிந்து ம வரும்போது மூன்றாம் விரல் தயாராக இல்லாமல் பிந்துகிறது. ப ஒலிக்கும்போதே அந்த விரல் சட்ஜத் தந்தியின் மேல் காத்திருக்க வேண்டும். ஒரு வில்லுக்கு இரண்டு ஸ்வரம் எடுக்கும்போது வில்லையும் சரிபாதியாகப் பங்கிட வேண்டும். முதல் ஸ்வரமே முக்கால் வில்லைத் தின்றுவிட்டால் அடுத்தது நொண்டும்.

வித்வான்களின் பதிவைப் போட்டு அதோடு சேர்ந்து வாசிப்பதையும் சொல்ல வேண்டும். ஆசையாக இருக்கும், நன்றாக வாசிப்பது போலவும் தோன்றும். உண்மையில் அவர் ஸ்வரம் நம் தவறை மூடிவிடுகிறது, நாம் மயிரிழை பிந்தியே தொடர்கிறோம். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் கூடவே வாசித்துக்கொண்டு வந்து, நடுவில் சொல்லாமல் நிறுத்திவிடுவார். அந்தக் கணமே என் வில் நடுங்கும்.

வீட்டிலும் அதைச் செய்யலாம். யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் இரண்டு சுற்றுக்கு) மெட்ரோனோமின் ஒலியை மட்டும் அடக்கி, திரும்பத் திறக்கச் சொல்லுங்கள். சமத்தில், அதாவது சுற்றின் தொடக்கத் தட்டில், சேர்ந்து விழுந்தால் காலப்பிரமாணம் (சீரான வேகம்) உங்களிடம் இருக்கிறது. தம்புராவையும் அப்படியே அடக்கித் திறந்து பாருங்கள். போனில் பதிவு செய்துகொண்டு, மறுநாள் காலை வயலினைத் தொடும் முன் அதைக் கேளுங்கள்.