மரபணு அறிக்கையை வைத்து இயற்கை நலவழியைத் திட்டமிடுவது எப்படி?

உமிழ்நீரைக் குழாயில் சேகரித்து அனுப்பினால், "உங்கள் மரபணுவுக்கு ஏற்ற உணவு, மூலிகை, வைட்டமின்" என்று வண்ணப் படங்களோடு ஓர் அறிக்கை வந்து சேர்கிறது. அதைப் பார்த்ததும் மாத்திரைப் புட்டிகளை வாங்கிக் குவிப்பவர்களும் உண்டு. நம்பாமல் மூலையில் போட்டுவிடுபவர்களும் உண்டு. எதை உண்ண வேண்டும் என்பதைவிட எதைத் தொடக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த அறிக்கை அதிகம் உதவும் என்பது என் கணிப்பு. இயற்கையானது, ஆகவே தீங்கில்லை என்று நம்பி எடுத்துக்கொள்ளும் சில பொருள்கள், குறிப்பிட்ட சிலருக்கு உண்மையிலேயே கேடு செய்பவை.

முதல் படி: கேள்வியை எழுதிக்கொள்வது

பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பால் குடித்தால் வயிறு ஏன் உப்புகிறது என்பது போன்ற கேள்விக்கு வீட்டிலிருந்தே செய்யும் பரிசோதனை போதும். குடும்பத்தில் இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது, எனக்கும் வருமா என்பது கேள்வியானால் அது போதாது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆனது மரபணு. மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்து இணைகள் உள்ளன. வீட்டுப் பரிசோதனைகளில் பயன்படும் சிப் வகை, பொதுவாகச் சில லட்சம் இடங்களை மட்டுமே படிக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதித்த ஒரு வீட்டுப் பரிசோதனை, மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ மரபணுக்களில் அறியப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாறுபாடுகளில் (எழுத்து மாற்றங்களில்) மூன்றை மட்டுமே பார்த்தது. ஆகவே அதில் "காணப்படவில்லை" என்று வந்தால், பார்த்த இடங்களில் காணப்படவில்லை என்று மட்டுமே பொருள். அத்தகைய கேள்விகளுக்கு மரபியல் ஆலோசகர் வழியாக மருத்துவத் தரப் பரிசோதனைக்குச் செல்வதே முறை.

இரண்டாம் படி: மாதிரி கொடுப்பது

பொதுவாக, துப்புவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே எதையும் உண்ணவோ, குடிக்கவோ, புகைக்கவோ கூடாது. குழாயில் உள்ள கோடு வரை உமிழ்நீர் நிற்க வேண்டும். நுரை கணக்கில் சேராது. எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களின் உமிழ்நீரில் கொடையாளியின் மரபணுவும் கலந்திருக்கும் என்பதால் அவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. ஒப்புதல் படிவத்தில், மாதிரியைச் சேமித்து வைப்பார்களா, ஆய்வுக்குக் கொடுப்பார்களா, உறவினர் தேடலில் உங்கள் பெயரைச் சேர்ப்பார்களா என்ற மூன்றையும் தனித்தனியே பாருங்கள். உங்கள் மரபணுவில் உடன்பிறந்தவர்களின் தகவலும் பாதியளவு இருக்கிறது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: மூலக் கோப்பைப் படிப்பது

அறிக்கையுடன் ஓர் எழுத்துக் கோப்பையும் பல நிறுவனங்கள் தருகின்றன. அதில் ஒவ்வொரு வரியிலும் மாறுபாட்டின் எண், குரோமோசோம், இடம், உங்கள் இரண்டு எழுத்துகள் என்று நான்கு பத்திகள் இருக்கும். எடுத்துக்காட்டாக ஒரு வரி இப்படி இருக்கும்: ஆர்எஸ் 1801133, குரோமோசோம் 1, இடம் 11856378, ஏஏ. இது, ஃபோலேட் என்ற பி வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவில் 677 என்று குறிப்பிடப்படும் இடம். கட்டுரைகளில் இந்த இடத்துக்கு சி, டி என்ற எழுத்துகளைத்தான் போடுவார்கள். கோப்பிலோ ஜி, ஏ என்று இருக்கிறது. நான் முதன்முதலில் இப்படியொரு கோப்பைத் திறந்தபோது, இதில் ஏதோ பிழை இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன். பிழை ஒன்றுமில்லை. மரபணு இழை இரட்டைச் சரம். ஒரு சரத்தில் டி இருக்கும் இடத்தில் எதிர்ச் சரத்தில் ஏ இருக்கும். கட்டுரை ஒரு சரத்தைப் படிக்கிறது, கோப்பு மற்றொன்றைப் படிக்கிறது. ஆகவே இங்கே ஏஏ என்பதும் டிடி என்பதும் ஒன்றே. இந்த ஒரு விஷயம் பிடிபடாமல் தலைகீழாகப் பொருள் கொண்டவர்கள் பலர். எழுத்துக்குப் பதிலாக இரண்டு கோடுகள் இருந்தால் அந்த இடம் படிக்கப்படவில்லை என்று பொருள்.

மூலக் கோப்பில் தென்படும் தீவிர நோய் மாறுபாடு எதையும் மறுபரிசோதனை இல்லாமல் நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வகத்துக்கு மறுபரிசோதனைக்காக வந்த இத்தகைய மாறுபாடுகளில் 40 விழுக்காடு தவறானவை என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

நான்காம் படி: தவிர்க்க வேண்டியவற்றை முதலில் பிரித்தெடுப்பது

எச்எஃப்இ மரபணுவில் சி282ஒய் என்ற மாறுபாடு இரண்டு பிரதிகள் இருந்தால், உடல் தேவைக்கு அதிகமாக இரும்பை உறிஞ்சிக் கல்லீரலிலும் இதயத்திலும் சேர்க்கக்கூடும். இது வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம். சோர்வு இதன் தொடக்க அறிகுறிகளில் ஒன்று. சோர்வுக்குப் பலரும் தாமாகவே எடுத்துக்கொள்வதோ இரும்புச்சத்து மாத்திரை. இரும்பை உறிஞ்சுவதை வைட்டமின் சி மாத்திரை மேலும் கூட்டும். மாறுபாடு உள்ள எல்லோருக்கும் இரும்பு சேர்ந்துவிடுவதில்லை என்பதால், உடலில் உள்ள இரும்பின் நிலையைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பார்த்த பிறகே எதையும் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு. இந்த நொதி குறைந்தவர்களுக்கு ஃபாவா அவரையும், நரம்பு வழியே பெருமளவில் ஏற்றப்படும் வைட்டமின் சியும் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடலாம். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் பாதிப்பு அதிகம். இங்கும் நொதியின் அளவை ரத்தத்தில் நேரடியாகப் பார்ப்பதே உறுதியான வழி.

மூன்றாவது விஷயம் மரபணுவோடு மட்டும் நிற்பதில்லை. மன வாட்டத்துக்காக எடுத்துக்கொள்ளப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரலின் மருந்து சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிட்டு, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றின் வேலையைக் குறைத்துவிடும். எந்த மரபணுவுடன் பிறந்தவருக்கும் இது நடக்கலாம். ஏற்கெனவே மருந்து உட்கொள்பவர்கள், மூலிகைப் பட்டியலையும் மருந்துப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறிக்கையைப் பார்த்து மருந்தின் அளவைத் தாமே மாற்றக்கூடாது.

ஐந்தாம் படி: மற்ற வரிகளை உடலிடம் கேட்டுச் சரிபார்ப்பது

பாலைச் செரிக்கும் திறனுக்கு ஆர்எஸ் 4988235 என்ற இடத்தைப் பார்ப்பார்கள். ஏ ஒன்றாவது இருந்தால் அத்திறன் பெரும்பாலும் நீடிக்கும். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் அதே திறனை வேறு மாறுபாடுகள் தருகின்றன. ஜிஜி என்று வந்தும் பால் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால், உங்கள் வயிறு சொல்வதுதான் சரி.

கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய்க்குத் தொடர்புடைய மரபணு வகைகள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் உள்ளன; நோய் வருவது சுமார் நூறில் ஒருவருக்கு. அதனால் "இருக்கிறது" என்ற முடிவு அதிகம் சொல்வதில்லை. "இல்லை" என்ற முடிவு நோயை ஏறக்குறைய விலக்கிவிடுகிறது. சந்தேகம் இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.

எம்டிஎச்எஃப்ஆர் பெயரைச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. டிடி வகையினரின் ரத்த ஃபோலேட், சிசி வகையினரைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு குறைவு, அவ்வளவுதான். சாதாரண ஃபோலிக் அமிலத்தையும் அவர்கள் உடல் பயன்படுத்திக்கொள்கிறது. எடைக் குறைப்புக்கான மரபணு உணவுத் திட்டமும் அப்படியே: ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை 12 மாதங்கள் கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த கொழுப்பு உணவு யாருக்குப் பலிக்கும், குறைந்த மாவுச்சத்து உணவு யாருக்குப் பலிக்கும் என்பதை மரபணு வகை முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆறாம் படி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

காஃபினை மெதுவாகச் சிதைப்பவர் என்று அறிக்கை சொன்னால், இரண்டு வாரம் நண்பகலுக்குப் பின் காபியை நிறுத்தி, படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த தடவைகள் ஆகியவற்றை மட்டும் குறித்துவாருங்கள். பிறகு பழையபடி குடித்து, இன்னும் இரண்டு வாரம் குறியுங்கள். அந்த நான்கு வாரத்தில் புதிய மூலிகையோ வைட்டமினோ தொடங்க வேண்டாம்; தொடங்கினால் எதனால் எது நடந்தது என்று பிரிக்க முடியாது. வைட்டமின் டி போன்றவற்றுக்குத் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனையும், சுமார் மூன்று மாதம் கழித்து மற்றொன்றும் தேவை. முடி வளர்ச்சிக்காக பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்தால் அதை ஆய்வகத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள்; தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவை அது பிசகச் செய்யும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.