ரெஸ்டிக் கொண்டு விஎம்மைக் கோப்பு வாரியாக பேக்கப் எடுப்பது எப்படி

விஎம்மின் (விர்ச்சுவல் மெஷினின்) டிஸ்க் இமேஜை, அது ஓடும் இயந்திரமான ஹோஸ்டிலிருந்து முழுசாக எடுத்து வைப்பது ஒரு வகை பேக்கப். ஹோஸ்டே போய்விட்டால் அதுதான் கைகொடுக்கும். ஆனால் வழக்கமாக வருகிற கோரிக்கை வேறு: "நேற்று சாயங்காலம் இருந்த என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் வேண்டும்", "செவ்வாய்க்கிழமை அழித்த ஒரு ஃபோல்டர் வேண்டும்". நாலு கேபி கோப்புக்காக 80 ஜிபி இமேஜை இறக்கி, மவுன்ட் செய்து, தேடிக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி கொண்டு எடுக்கும் கோப்பு வாரியான பேக்கப்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: கேவிஎம் அல்லது ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டில் ஓடும் உபுண்டு விஎம், அதற்குள் ஒரு வெப் அப்ளிகேஷனும் மைஎஸ்க்யூஎல்லும். பேக்கப் போய்ச் சேர்வது வேறொரு இயந்திரத்தில் ஓடும் ரெஸ்ட்-சர்வருக்கு (ரெஸ்டிக் பேக்கப்களை நெட்வொர்க் வழியே வாங்கி வைக்கும் மென்பொருள்). அந்த இயந்திரம் அதே ஹோஸ்டின் இன்னொரு விஎம்மாக இருந்தால் இவ்வளவு பாடும் வீண்.

இரண்டு குறுக்கு வழிகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் க்யூகவ்2 (டிஸ்க் இமேஜ்) கோப்பை ஹோஸ்டிலிருந்து காப்பி செய்தால், தலைப்பகுதி ஒரு நிமிடத்தையும் வால்பகுதி பத்து நிமிடம் பிந்திய நிலையையும் காட்டும். ஃபைல்சிஸ்டம் அதைச் சகிக்காது. ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) எடுக்கும் ஸ்னாப்ஷாட்டோ மூல டிஸ்க்கை நம்பியே இருப்பது. டிஸ்க் போனால் கூடவே போகும்.

முதலில் சர்வர் பக்கம்

ரெஸ்ட்-சர்வரை இறக்கி அப்படியே ஓட்டினால், தரவை /டெம்ப்/ரெஸ்டிக் என்ற இடத்தில்தான் எழுதும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு. பல உபுண்டு சர்வர்களில் ரீபூட் ஆனதும் அந்த ஃபோல்டர் காலியாகிவிடும். ஆகவே --பாத் கொடுத்து தனி டிஸ்க்கில் உள்ள ஓர் இடத்தைச் சுட்டுங்கள். 'ரெஸ்டிக்' என்ற தனி யூசரின் பெயரில் ஓட்டுங்கள், ரூட்டாக வேண்டாம்.

கூடவே மூன்று விருப்பங்கள்: --டிஎல்எஸ், --பிரைவேட்-ரெப்போஸ், --அப்பெண்ட்-ஒன்லி. இரண்டாவதைப் போட்டால் 'வெப்1' என்ற யூசர் 'வெப்1' என்று தொடங்கும் பாதையை மட்டுமே தொட முடியும். ஒவ்வொரு விஎம்முக்கும் தனி யூசர், தனி ரெப்போ (பேக்கப் சேரும் களஞ்சியம்). கடவுச்சொற்களை எச்டிபாஸ்டபிள்யூடி கட்டளையால் பிகிரிப்ட் முறையில் உருவாக்கலாம். மூன்றாவதுதான் முக்கியம். விஎம்முக்குள் யாராவது புகுந்து ரூட் ஆகிவிட்டாலும், புதிதாகச் சேர்க்கத்தான் முடியும், பழையதை அழிக்க முடியாது. ரேன்சம்வேர் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான் என்பதால், இதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்வது, கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுவது மாதிரி.

எதை எடுப்பது, எதை விடுவது

விஎம்மில் ரெஸ்டிக் இனிட் ஓட்டி ரெப்போவை உருவாக்குங்கள். கடவுச்சொல்லை ரூட் மட்டும் படிக்கும்படி 0600 அனுமதியுள்ள ஒரு கோப்பில் வையுங்கள். அதே கடவுச்சொல்லை விஎம்முக்கு வெளியேயும், ஒரு பாஸ்வேர்டு மேனேஜரிலோ காகிதத்திலோ, எழுதி வையுங்கள். விஎம் அழிந்தபோது கடவுச்சொல்லும் அதோடு அழிந்திருந்தால், அந்த ரெப்போவைத் திறக்க வேறு வழியே இல்லை.

ரூட் ஃபைல்சிஸ்டத்தை --ஒன்-ஃபைல்-சிஸ்டம் என்ற விருப்பத்தோடு எடுப்பது வசதி. ப்ராக், சிஸ், டெவ் போன்றவை தாமாகவே விலகிவிடும். ஆனால் விஎம்களில் இதற்கு ஒரு பொறி உண்டு. இடம் போதாமல் பிற்பாடு இரண்டாவது விர்ச்சுவல் டிஸ்க் சேர்த்து அதை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற இடத்தில் மவுன்ட் செய்திருப்பார்கள். அது வேறு ஃபைல்சிஸ்டம். பேக்கப் ஒரு பிழையும் காட்டாமல் முடியும். உள்ளே பார்த்தால் அந்த ஃபோல்டர் வெறுமையாக இருக்கும். ஆகவே ஃபைண்ட்எம்என்டி ஓட்டி, தரவு உள்ள ஒவ்வொரு மவுன்ட்டையும் கட்டளையில் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

விலக்க வேண்டியவை: /ஸ்வாப்.ஐஎம்ஜி, ஏபிடி கேஷ், /டெம்ப், டாக்கரின் ஓவர்லே2 ஃபோல்டர் (டாக்கர் வால்யூம்களை விலக்காதீர்கள்), மைஎஸ்க்யூஎல்லின் தரவு ஃபோல்டர். விலக்குப் பட்டியலில் முழுப் பாதையாக எழுதுங்கள். வெறுமனே 'கேஷ்' என்று எழுதினால், எந்த ஆழத்தில் அந்தப் பெயரில் ஃபோல்டர் இருந்தாலும் அது விடுபடும். உங்கள் அப்ளிகேஷனின் மூலக் குறியீட்டுக்குள் இருக்கும் 'கேஷ்' ஃபோல்டரும் சேர்த்து.

ஏபிடி-மார்க் ஷோமேனுவல் தரும், கையால் நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில கேபிதான். புது விஎம்மில் அதே பேக்கேஜ்களை நிறுவும்போது அருமை தெரியும்.

டேட்டாபேஸ் வெறும் கோப்பு அல்ல

மைஎஸ்க்யூஎல் ஓடும்போது அதன் கோப்புகளை நேரடியாக எடுத்தால், தேதி சரியாக இருக்கும், அளவு சரியாக இருக்கும், ஏற்றினால் ஏறாது. மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையை --சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷன், --ரொட்டீன்ஸ், --ஈவென்ட்ஸ் ஆகியவற்றோடு ஓட்டி ஒரு கோப்பில் எழுதுங்கள். முதல் விருப்பம் இன்னோடிபி டேபிள்களுக்குத்தான் ஒரே நொடியின் நிலையைத் தரும். பழைய மைஐசாம் டேபிள் இருந்தால் அதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது. போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜிடம்ப்போடு, பிஜிடம்ப்ஆல் கட்டளையை --குளோபல்ஸ்-ஒன்லி என்று ஓட்டி ரோல்களையும் எடுங்கள். பிஜிடம்ப் ரோல்களை எடுப்பதில்லை.

டம்ப்பை ஜிஜிப் செய்யாதீர்கள். ஒரு வரி மாறினாலும் அதற்குப் பிறகான ஜிஜிப் பைட்டுகள் எல்லாம் மாறிவிடுவதால், ரெஸ்டிக்கின் டீடூப்ளிகேஷன் (ஒரே தரவை இரண்டு முறை சேமிக்காத வசதி) அடிபட்டுப் போகும். 0.14 பதிப்பு முதல் ரெஸ்டிக்கே சுருக்கிவிடும். உபுண்டு 22.04 பேக்கேஜில் வருவது 0.12 என்பதால், அங்கே அதிகாரபூர்வ பைனரியை நேரடியாக இறக்கிக்கொள்வது நல்லது.

டம்ப் முழுமையா என்று ஸ்கிரிப்டிலேயே சோதியுங்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் ஒழுங்காக முடிந்தால் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு எழுதும். அந்த வரி இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே பிழையோடு நிற்க வேண்டும். பைப் போட்டு நேராக ரெஸ்டிக்குக்குள் அனுப்புகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்: டம்ப் பாதியில் செத்தாலும் ரெஸ்டிக் கிடைத்தவரை சேமித்துவிட்டு வெற்றி என்று சொல்லும். இடம் போதாமல் பைப்தான் வழி என்றால், 0.17 பதிப்பில் வந்த --எஸ்டிடிஇன்-ஃப்ரம்-கமாண்ட் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். டம்ப் தோற்றால் பேக்கப்பும் தோற்கும்.

தினமும் தானாக ஓட

சிஸ்டம்டி டைமர் போதும். பெர்சிஸ்டென்ட் வசதியை ஆன் செய்தால், விஎம் அணைந்திருந்த நேரத்தில் தவறிய ஓட்டம், எழுந்ததும் நடக்கும். ராண்டமைஸ்ட்-டிலே-செக் என்பதற்கு 45 நிமிடமாவது கொடுங்கள். ஒரே ஹோஸ்டில் பன்னிரண்டு விஎம்கள் சரியாக 1 மணிக்குக் கிளம்பினால், அடியில் இருக்கும் டிஸ்க் ஒன்றுதான், எல்லாமே நொண்டும்.

டெர்மினலில் ஓடியது டைமரில் ஓடும்போது கேஷ் டைரக்டரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று புலம்பினால், காரணம் அந்தச் சர்வீஸுக்கு ஹோம் என்ற சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) இல்லாததுதான். ரெஸ்டிக் கேஷ் டைரக்டரி மாறியை /வார்/கேஷ்/ரெஸ்டிக் என்று சர்வீஸ் கோப்பில் வையுங்கள். பேக்கப் என்னவோ கேஷ் இல்லாமலும் நடக்கும். ஒவ்வொரு முறையும் மெட்டாடேட்டாவை சர்வரிலிருந்து மறுபடி இறக்கும், அவ்வளவுதான்.

வெளியேறும் குறியீடு 3 வந்தால் சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்று பொருள். ஸ்னாப்ஷாட் (ரெஸ்டிக்கில் ஒரு முறை எடுத்த பேக்கப்) உருவாகியிருக்கும், ஆனால் குறையோடு. அதை வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதல் பேக்கப்புக்கு நேரக் கணக்குப் போட்டுவிடுங்கள். அலுவலக லைனின் அப்லோடு 20 எம்பிபிஎஸ், மற்றவர்களுக்கு இடம் விட்டு --லிமிட்-அப்லோடு 1500 என்று வைத்தால் (அலகு நொடிக்கு கிபி), 200 ஜிபி போய்ச் சேர சுமார் 36 மணி நேரம். நடுவில் அறுந்தால் மறுபடி ஓட்டுங்கள். சேர்ந்த துண்டுகளைத் திரும்ப அனுப்பாது.

பழையதைக் கழிப்பது

அப்பெண்ட்-ஒன்லி வைத்ததால் ஃபர்கெட் (பழைய ஸ்னாப்ஷாட்டுகளை நீக்குவது), புரூன் (அவற்றின் தேவையற்ற தரவை அழிப்பது) இரண்டையும் பேக்கப் சர்வரிலேயே ஓட்ட வேண்டும், அதுவும் அந்த 'ரெஸ்டிக்' யூசராக. ரூட்டாக ஓட்டினால் புதிய கோப்புகள் ரூட்டின் பெயரில் விழும். மறுநாள் ரெஸ்ட்-சர்வரால் அவற்றைப் படிக்க முடியாமல் எல்லா விஎம்மும் பிழை காட்டும்.

தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 6 என்பது நியாயமான தொடக்கம். இதில் கவனிக்க வேண்டியது குழுவாக்கம். ஃபர்கெட் இயல்பாக ஹோஸ்ட் பெயரையும் பாதைப் பட்டியலையும் வைத்து ஸ்னாப்ஷாட்டுகளைக் குழுவாகப் பிரிக்கும். நீங்கள் இடையில் ஒரு ஃபோல்டரைக் கூட்டினால் அது புதுக் குழு. பழைய குழுவின் ஸ்னாப்ஷாட்டுகள் கழியாமல் அப்படியே தங்கி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். --குரூப்-பை ஹோஸ்ட் என்று கொடுத்தால் தீரும். ஆனால் டேட்டாபேஸைத் தனி ஸ்னாப்ஷாட்டாக அனுப்புகிறீர்கள் என்றால் அதுவே வினையாகும்: ஒரே நாளின் இரண்டில் கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சும். அப்போது இரண்டுக்கும் வெவ்வேறு டேக் கொடுத்து, ஹோஸ்ட், டேக் இரண்டாலும் குழுவாக்குங்கள்.

இதே இடத்தில் குளோன் செய்த விஎம்களும் கடிக்கும். டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்த இரண்டு விஎம்கள் ஹோஸ்ட் பெயரை மாற்றாமல் ஒரே ரெப்போவுக்கு எழுதினால், ரெஸ்டிக்குக்கு இரண்டும் ஒரே ஆள். ஒன்றின் ஸ்னாப்ஷாட் மற்றதைத் தள்ளிவிடும். --ஹோஸ்ட் என்று பெயரை வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை ரெஸ்டிக் செக் ஓட்டி, --ரீட்-டேட்டா-சப்செட் 10% சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத வெறும் செக், தரவு பைட்டுகளைப் படித்துப் பார்க்காது.

திரும்ப எடுப்பது

ஒரு கோப்புக்கு, ரெஸ்டிக் ஃபைண்ட் போட்டு எந்த ஸ்னாப்ஷாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ரீஸ்டோரை --இன்க்ளூட், --டார்கெட் இரண்டோடும் ஒரு வெற்று ஃபோல்டருக்கு எடுத்து, அங்கிருந்து கையால் நகர்த்துங்கள். டார்கெட்டாக ரூட் ஃபோல்டரை (/) கொடுப்பது தைரியம் அல்ல.

முழு விஎம்மையே மீட்க வேண்டுமானால், புது உபுண்டு நிறுவி, பேக்கேஜ் பட்டியலை ஓட்டி, பிறகு தரவைக் கொண்டுவாருங்கள். கோப்பு பேக்கப்பில் பார்ட்டிஷன் டேபிளும் பூட்லோடரும் முழுமையாக இருக்காது. எட்சி ஃபோல்டரை மொத்தமாக மேலே கொட்டாதீர்கள்: எஃப்எஸ்டேப்பில் (மவுன்ட் பட்டியலில்) இருக்கும் யூயூஐடி என்ற அடையாள எண் பழைய டிஸ்க்குடையது, விஎம் பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் நிற்கும். நெட்பிளான், மெஷின்-ஐடி கோப்புகளையும் அதேபோல் மேலே கொட்டாதீர்கள்.

உரிமையாளரை ரெஸ்டிக் எண்ணாகவே மீட்கும். பழைய விஎம்மில் 113 என்பது மைஎஸ்க்யூஎல்லாக இருந்து, புதியதில் 113 வேறொரு சர்வீஸுக்குப் போயிருந்தால், கோப்புகள் அந்த வேறொருவருடையதாகக் காட்டும். எல்எஸ் -எல்என் போட்டு எண்களை ஒப்பிட்டு, சோன் கட்டளையால் உரிமையாளரை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகே சர்வீஸைக் கிளப்புங்கள்.