பாய்மரப் படகு ஃப்ரிட்ஜ்: கம்ப்ரசர் சூட்டை வெளியேற்றுவது எப்படி

படகில் ஃப்ரிட்ஜ் பேட்டரியைக் காலி செய்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது கம்ப்ரசரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான். பெரும்பாலும் அது சமையல் மேடைக்குக் கீழோ இருக்கைக்கு அடியிலோ கதவு மூடிய ஒரு லாக்கரில் இருக்கும், அதைச் சுற்றிக் கயிறு, பை, பாத்திரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்திருப்பார்கள். பேட்டரியை மாற்றவோ சோலார் பேனல் கூட்டவோ போவதற்கு முன்னால் அந்த லாக்கரைச் சரி செய்யுங்கள்.

கணக்கு இதுதான். பெட்டிக்குள்ளிருந்து எடுத்த வெப்பம், கம்ப்ரசர் இழுக்கிற மின்சாரம் இரண்டும் சேர்ந்து வெளியே வந்தாக வேண்டும். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட 50 வாட், பெட்டியின் வெப்பத்தையும் கூட்டினால் 100 வாட் பக்கம் போய்விடும். பழைய குண்டு பல்பு ஒன்றை மூடிய அலமாரிக்குள் எரிய விட்ட மாதிரி. லாக்கர் சூடாகச் சூடாக, வெப்பத்தைக் காற்றில் விடும் தகடுகள் கொண்ட கண்டென்சரில் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுத்துக் குறைவாகக் குளிர்விக்கும், அதனால் இன்னும் அதிக நேரம் ஓடும், அந்தச் சூடும் அதே லாக்கரில்தான் சேரும்.

முதலில் அளந்து பாருங்கள். இரண்டு சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். கண்டென்சருக்குள் காற்று நுழையும் பக்கத்தில் ஒன்றை ஒட்டுங்கள், இன்னொன்றைக் கேபினில் தொங்க விடுங்கள், ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் கவலையில்லை. ஐந்தைத் தாண்டினால், வெளியே போக வேண்டிய சூடான காற்றே சுற்றி வந்து மறுபடி கண்டென்சருக்குள் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் பலர் இன்னொரு ஃபேனை வாங்கி உள்ளே மாட்டுகிறார்கள். மூடிய லாக்கருக்குள் எத்தனை ஃபேன் போட்டாலும் அது அதே சூடான காற்றைத்தான் கலக்கிக்கொண்டிருக்கும். காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறொரு வழி, இரண்டும் தனித்தனியாக வேண்டும். வரும் வழி தாழ்வாக, போகும் வழி லாக்கரின் உச்சியில், முடிந்தவரை எதிர் மூலையில். ஒவ்வொரு திறப்பும் குறைந்தது கண்டென்சர் முகத்தின் அளவாவது இருக்கட்டும், அழகான மரச்சட்டமோ கொசுவலையோ போட்டால் அது அடைக்கும் அளவையும் சேர்த்துப் பெரிதாக வெட்டுங்கள். அப்புறம், கண்டென்சருக்கும் லாக்கர் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியையெல்லாம் மெல்லிய ஃபோம் பலகையால் அடைத்து, கண்டென்சரைத் தாண்டித்தான் காற்று போக முடியும் என்று ஆக்கிவிடுங்கள். செலவே இல்லாத வேலை, ஆனால் இதைவிடப் பலன் தரும் வேலை எதுவும் எனக்குத் தெரியாது. வெட்டும்போதும் திருகாணி போடும்போதும் ஃப்ரிட்ஜின் குளிர்பதன வாயுக் குழாய்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாக்கரில் உச்சித் திறப்புக்கு இடமே இல்லையா? குழாய் போட்டு வெளியே கொண்டு போகலாம், ஆனால் சாதாரண ஃபேனால் நீளமான வளைந்த குழாய்க்குள் காற்றைத் தள்ள முடியாது. குழாய் குட்டையாக, அகலமாக, வளைவு குறைவாக இருக்க வேண்டும், நீளம் தவிர்க்க முடியாததென்றால் காற்றை அழுத்தித் தள்ளும் ப்ளோயர் வகைதான் சரி. சூடு போய்ச் சேரும் இடம் நீங்கள் தூங்கும் அறையாக இருக்கக் கூடாது. என்ஜின் அறையிலிருந்து காற்றை எடுக்கவே எடுக்காதீர்கள், என்ஜினை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் அங்கே சூடு நிற்கும். படகின் அடித்தளத்தில் காற்று குளிர்ச்சியாக இருக்கும் என்று அங்கிருந்து இழுப்பவர்கள் உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அங்கேதான் போய்த் தேங்கும், பெட்ரோல் ஆவியும் அப்படியே. அந்த ஆபத்து உள்ள படகில், தீப்பொறிப் பாதுகாப்புச் சான்று இல்லாத ஃபேன் எதையும் அந்தப் பாதையில் வைக்கக் கூடாது. இதில் சமரசம் வேண்டாம்.

ஃபேன் விஷயத்தில் ஒரு நுணுக்கம். டான்ஃபாஸ் பிடி35, பிடி50 வகைக் கம்ப்ரசர்களில் ஃபேனுக்கென்று தரும் இணைப்பில் எப்போதும் 12 வோல்ட்தான் வரும், படகு 24 வோல்ட் என்றாலும் 12 வோல்ட் ஃபேன்தான் போட வேண்டும். அந்த இணைப்பு தாங்குவது சுமார் அரை ஆம்பியர். கூடுதல் ஃபேன் வேண்டுமானால் தனி ஃப்யூஸ் வைத்து, லாக்கர் உச்சியில் 35 டிகிரி வாக்கில் இயங்கும் ஒரு வெப்ப ஸ்விட்ச்சோடு மாட்டுங்கள். கம்ப்ரசரை இயக்கும் எலக்ட்ரானிக் யூனிட்டில் பிழை காட்டும் எல்.இ.டி. விளக்கு இருந்தால் அதன் மினுக்கலை எண்ணுங்கள்: 1 என்றால் கம்ப்ரசருக்கு வந்து சேரும் வோல்டேஜ் போதவில்லை, பல நேரம் ஒயர் மெலிந்திருப்பதுதான் காரணம். 2 என்றால் ஃபேன் அதிக மின்சாரம் இழுக்கிறது. 5 என்றால் அந்த யூனிட்டே சூடாகி நின்றிருக்கிறது.

கண்டென்சர் தகடுகளில் தூசி, துணி நார், உப்பு எல்லாம் படியும். மாதம் ஒருமுறை கரண்ட்டை அணைத்துவிட்டு மென்மையான பிரஷால் தகடுகளின் திசையிலேயே துடையுங்கள்.

கடல்நீரில் குளிரும் கண்டென்சர்களும் இருக்கின்றன, வெப்பக் கடலில், மூடிய கேபின் காற்றில் குளிரும் கண்டென்சரோடு ஒப்பிட்டால் அவை நன்றாகவே வேலை செய்யும். பம்ப், வடிகட்டி, அரிப்பு, பாசி என்று பராமரிப்பும் கூடவே வரும், அதனால் காற்றுப் பாதையை ஒழுங்காக அமைத்தும் போதாதபோது மட்டும் அதை யோசியுங்கள்.

பெட்டியையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே நுழையும் வெப்பம் குறைந்தால் வெளியே தள்ள வேண்டியதும் குறையும். மூடியின் ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் ரப்பரை மாற்றுங்கள். அடியில் வடிகால் துளை திறந்திருந்தால் குளிர்ந்த காற்று அதன் வழியே ஒழுகிக்கொண்டே இருக்கும், அடைப்பான் போடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். கம்ப்ரசர் இப்போது நீண்ட ஓய்வு எடுக்கிறதென்றால் வேகத்தையும் குறைக்கலாம். இந்த வகைகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் ஒயரில் உள்ள ஒரு ரெசிஸ்டர்தான் (மின்தடை) நிமிடத்துக்கு 2000 முதல் 3500 சுழற்சி வரை வேகத்தைத் தீர்மானிக்கிறது. வேகம் குறைந்தால் ஓடும் நேரம் கூடும், ஆனால் கண்டென்சருக்குச் சூட்டைத் தள்ள அவகாசம் கிடைப்பதால் நாள் முழுக்கச் செலவாகும் ஆம்பியர் பெரும்பாலும் குறையும். நுழையும் காற்று குளிர்ச்சியாக இருந்தும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் வாயு கசிந்திருக்கலாம், அதைக் குளிர்பதன மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.