மண் விடும் மூச்சைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

மண்ணிலிருந்து கரியமில வாயு ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சு அது. பெட்ரோல், நிலக்கரி எரித்து நாம் விடுவதைவிட இது பல மடங்கு அதிகம். செடிகள் ஏறக்குறைய அதே அளவைத் திரும்ப இழுத்துக்கொள்வதால்தான் கணக்கு ஓரளவு சரியாகிறது. ஈரமும் சூடும் மாறினால் இந்த மூச்சு என்னவாகும்? வெற்றிலைச் சுண்ணாம்பு போதும், பார்த்துவிடலாம்.

1. இரண்டு ஸ்பூன் சுண்ணாம்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து, ஜாக்கிரதை.

2. தோட்டத்து மண்ணை நிழலில் நன்றாக உலர்த்தி, வேரும் கல்லும் போகச் சலித்துக்கொள்ளுங்கள்.

3. ஒரே அளவுள்ள நான்கு அகலவாய் பாட்டில்கள். மூன்றில் தலா ஒரு டம்ளர் மண், நான்காவது காலி. முதல் பாட்டில் மண் காய்ந்தபடியே இருக்கட்டும். இரண்டாவதில் தண்ணீர் தெளியுங்கள்: பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. மூன்றாவதில் மண் மூழ்கும்வரை ஊற்றுங்கள்.

4. நான்கிலும் சின்னக் கிண்ணத்தில் ஒரே அளவு சுண்ணாம்பு நீர் வைத்து, இறுக்கி மூடி, ஒரு நாள் ஒரே இடத்தில் விடுங்கள்.

கரியமில வாயு பட்டால் சுண்ணாம்பு நீர் பால்போல் கலங்கி, மேலே வெள்ளை ஆடை கட்டும். காலி பாட்டிலிலும் லேசாகக் கட்டும்; அது உள்ளே இருந்த காற்றின் வேலை. அதைக் கழித்துத்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். காய்ந்த மண்ணில் பெரிய மாற்றம் இருக்காது. தெளித்த மண்தான் அதிகம் கலக்கும். மூழ்கிய மண் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்: தண்ணீருக்குள் வாயுக்கள் பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவு, ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேராது.

இரண்டாவது பாட்டில்தான் சுவாரசியம். காய்ந்து கிடந்த மண் திடீரென்று நனைந்தால், உறங்கிய நுண்ணுயிர்கள் விழித்து, செத்தவற்றைத் தின்று, சில நாட்களுக்கு மளமளவென்று கரியமில வாயுவை வெளியேற்றும். கென்யாவில் ஆராய்ந்து 1958-இல் இதை விளக்கியவர் பர்ச். அதனால் ‘பர்ச் விளைவு’ என்று பெயர். கோடை மழை விழுந்ததும் நம் மானாவாரி நிலங்களிலும் இதுதான் நடக்கிறது.

அப்புறம் வெப்பம். தெளித்த மண் பாட்டில் இரண்டு தயார் செய்து, ஒன்றை ஃபிரிட்ஜில், மற்றதை வெளியே வையுங்கள். பொதுவாக 10 டிகிரி கூடினால் மூச்சு ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஈரம் இருக்கும்வரை. காய்ந்த மண்ணை எவ்வளவு சூடாக்கினாலும் பெரிதாக ஒன்றும் வராது. சந்தேகமிருந்தால் அதற்கும் ஒரு ஜோடி பாட்டில் வைத்துப் பாருங்கள்.