ஈயத்தைத் தாங்கும் பாக்டீரியா: புதியவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்துக்கு வருடா வருடம் புராஜெக்ட் மாணவர்கள் வருகிறார்கள். தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஈயம் போன்ற கன உலோகத்தைத் தாங்கும் வேர்மண் பாக்டீரியாவைத் தேடி, அதைக் கடுகுச்செடியோடு சேர்த்து, கெட்டுப்போன மண்ணைச் சரிசெய்வது. நான் அன்று செய்த பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். கையுறை போடுங்கள், லேபிள் ஒட்டுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பாஸ்பேட் உள்ள ஊடகத்தில் ஈயத்தைச் சோதிப்பது

போன மாதம் ஒரு மாணவி குடுவையோடு ஓடிவந்தாள். "மேடம், இது 1000 பிபிஎம் ஈயத்தைத் தாங்குது!" வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தங்குமே, அப்படி ஒரு வெள்ளைப் படிவு. ஊடகத்தில், அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக் கரைசலில், இருந்த பாஸ்பேட்டோடு ஈயம் சேர்ந்து ஈய பாஸ்பேட்டாக இறங்கிவிட்டது. மிச்சம் மீதியையும் ஊடகத்தில் உணவாகச் சேர்க்கும் பெப்டோன், ஈஸ்ட் சாறு பிடித்துக்கொள்ளும். மேலே பாக்டீரியா வளர்ந்தது கிட்டத்தட்ட ஈயமே இல்லாத தண்ணீரில். போதாததற்கு, வளர்ச்சியை அறிய 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை அளந்தால் அந்தப் படிவும் வளர்ச்சிக் கணக்கில் ஏறிவிடும்.

இதில் நான் எட்டு மாதம் இழந்தேன். இப்படித் தேர்ந்த ஒரு பாக்டீரியாவைக் கடுகு விதையில் பூசி, பழைய பேட்டரி உடைத்த இடத்து மண்ணில் விதைத்தேன். இரண்டு வாரத்தில் வேரில் அதைக் காணோம். அதைவிட வருத்தம், அந்தத் தப்பான சோதனையை நம்பி, தேறாதவை என்று வேறு பத்துப் பன்னிரண்டு வகைகளை அழித்திருந்தேன். அவற்றில் நல்லது எது இருந்ததோ, இனி தெரியப்போவதில்லை.

செய்ய வேண்டியது இது: பாக்டீரியா போடாமல், ஊடகமும் உலோகமும் மட்டும் உள்ள ஒரு குடுவையை ஒருநாள் வையுங்கள். கலங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் டிரிஸ் அல்லது ஹெப்பிஸ் தாங்கல் கரைசலுக்கு மாறி, பாஸ்பேட்டுக்குப் பதில், ஈயத்தை அவ்வளவு எளிதில் படியவைக்காத கிளிசரோபாஸ்பேட் சேருங்கள். அப்புறம் சுழற்றிப் பிரித்து, தெளிந்த நீரில் எவ்வளவு ஈயம் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து அந்த எண்ணை எழுதுங்கள். வளர்ச்சியை, கலங்கலால் அல்ல, அகார் தட்டில் முளைக்கும் கூட்டங்களை எண்ணிக் கணக்கிடுங்கள். காட்மியம், துத்தநாகத்துக்கும் இதே கவனம் வேண்டும்.

கரைக்கவா, கட்டிப்போடவா?

சிடெரோஃபோரும் (இரும்பைப் பிடிக்கப் பாக்டீரியா சுரக்கும் பொருள்) கரிம அமிலமும் சுரக்கும் பாக்டீரியா உலோகத்தை இளக்கிச் செடிக்குக் கொடுக்கும். வேறு சில, மண்ணிலேயே பூட்டிவைக்கும். எது வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள். இளக்குவதானால் ஐப்பசி மழைக்கு முன் தொடங்காதீர்கள். இங்கே மழைத்தண்ணீர் ஓடிச் சேருவது ஊருணியில்.

பாக்டீரியா உலோகத்தைத் தின்றுவிடும் என்று எழுதுவது

தின்னாது. ஈயம் தனிமம், அதைச் சிதைத்து இல்லாமல் ஆக்க முடியாது.

அறுத்த செடி

உலோகம் செடிக்குள் ஏறியிருக்கும். ஆட்டுக்கும் போடாதீர்கள், உரக்குழிக்கும் போடாதீர்கள்.

பெயர் தெரியாமல் வயலுக்குக் கொண்டுபோவது

உலோகத்தைத் தாங்குபவற்றில் சூடோமோனாஸ் ஏருஜினோசா அடிக்கடி சிக்கும். தீப்புண்ணிலும் நுரையீரலிலும் தொற்றும் கிருமி அது. பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசை பார்த்து இனம் தெரிந்த பிறகே வெளியே எடுங்கள்.