குளிரில் கியர் விழத் தாமதமா? பழைய டிரக்கின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை நீங்களே சோதிக்கலாம்

இரவெல்லாம் உறைபனியில் நின்ற பிக்கப். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் டிரைவில் போட்டால் வண்டி நகர்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ‘டக்’கென்று ஒரு இடியோடு கியர் விழுகிறது. கால் மணி நேரம் ஓட்டியபின் எல்லாம் சரியாகிவிடுகிறது. சூடானால் சரியாகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதற்காக உடனே கியர்பாக்ஸைப் பிரிக்கவும் கொடுக்காதீர்கள். இந்தக் கோளாறு குளிரில் மட்டுமே முகம் காட்டும். ஆகவே குளிரிலேயே அளந்து எழுதி வைக்க வேண்டும்.

ஆயில் கெட்டியாவதுதான் ஆரம்பம்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்சை அழுத்திப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். ஆயிலின் பிசுக்கை, அதாவது கெட்டித்தன்மையை, சென்டிபாய்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அறை வெப்பத்தில் தண்ணீரின் பிசுக்கு சுமார் 1 சென்டிபாய்ஸ். மைனஸ் 40 டிகிரியில், ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) வகுத்த கியர்பாக்ஸ் ஆயில் ரகமான டெக்ஸ்ரான் 3-க்கு 20,000 வரை அனுமதி உண்டு. டெக்ஸ்ரான் 6-க்கு 15,000. இவ்வளவு கெட்டியான ஆயிலை ஃபில்ட்டர் வழியே பம்ப் உறிஞ்ச நேரமாகும். அதனால் சிறு தாமதம் இயல்பு. எவ்வளவு சிறிது என்பதுதான் கேள்வி.

படி 1: விநாடிகளை எண்ணுங்கள்

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்தபின் எஞ்சின் வேகம் 1000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இறங்கட்டும். பிறகு நியூட்ரலிலிருந்து டிரைவ். வண்டி லேசாக இழுக்கும் வரை எண்ணுங்கள். ரிவர்ஸுக்கும் அப்படியே. சூடான வண்டியில் ஒன்றிரண்டு விநாடிக்குள் விழுந்துவிடும். கடுங்குளிரில் மூன்று வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் அடுத்த படிகளுக்குப் போங்கள்.

காத்திருக்கும்போது ரேஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாதி அழுத்தத்தில் இருக்கும் கிளட்ச் தகடுகள் அந்த வேகத்தில் வழுக்கித் தேய்ந்து கருகும். குளிர் கெடுக்காத கியர்பாக்ஸை அந்த ஒரு மிதி கெடுத்துவிடும்.

படி 2: ஆயில் அளவு

குளிர்ந்த ஆயில் சுருங்கியிருக்கும். அப்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறைகிறதென்று ஊற்றினால், சூடானதும் அளவு மீறி நுரைக்கும். நுரையால் அழுத்தம் தர முடியாது. அதுவும் ஒரு கோளாறாகிவிடும். 15–20 கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் 65 முதல் 80 டிகிரிக்கு வந்தபின், சமதளத்தில், எஞ்சின் ஓடும்போதே பாருங்கள். பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு கியரிலும் ஒருமுறை நிறுத்தி எடுங்கள். பழைய ஜி.எம்., ஃபோர்டு டிரக்குகளில் பொதுவாக பார்க்கில் வைத்துப் பார்ப்பார்கள். பழைய டாட்ஜில் நியூட்ரலில். டிப்ஸ்டிக்கின் இரு குறிகளுக்கும் இடையே பெரும்பாலும் சுமார் அரை லிட்டர்தான். கால் லிட்டராக ஊற்றிப் பாருங்கள்.

டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். தெளிந்த சிவப்பாகப் பரவினால் நல்லது. பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. பால் கலந்த ரோஸ் நிறமென்றால் ரேடியேட்டருக்குள் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. அப்படியானால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

படி 3: ஆயிலும் ஃபில்ட்டரும்

எப்போது மாற்றினோம் என்று நினைவில்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஜி.எம்.மின் 4எல்60இ ரக கியர்பாக்ஸில், அடியில் உள்ள ஆயில் தட்டான பேனைக் கழற்றினால் சுமார் 4.7 லிட்டர் இறங்கும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பைப்புகளிலும் தங்கிவிடும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் ரக ஆயிலையே ஊற்றுங்கள்.

இங்கே புதியவர்கள் தவறுவது ஒரு சின்ன இடத்தில். ஃபில்ட்டரை இழுத்ததும் அதன் கழுத்திலிருந்த பழைய சீல் பம்பின் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்து, சுவரில் கீறல் விழாமல் நெம்பி எடுங்கள். எடுக்காமல் புது ஃபில்ட்டரைத் திணித்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். தாமதம் முன்னைவிட அதிகமாகும். பேனில் உள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருப்பது இயல்பு. கையில் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் இருந்தால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். 4எல்60இ-யின் பேன் போல்ட்டுகளுக்கு 11 நியூட்டன் மீட்டர் போதும். அதிகம் முறுக்கினால் பேன் நெளிந்து ஒழுகும்.

படி 4: அறிகுறியைப் பிரித்துப் பாருங்கள்

காலையில் முதல்முறை மட்டும் தாமதம், பிறகு நாள் முழுதும் சரி என்றால், கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் இரவில் பேனுக்கு வடிந்துவிடுகிறது. பழைய டாட்ஜ் டிரக்குகளில் பார்க்கில் நிற்கும்போது கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது. ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் போட்டு, நியூட்ரலில் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு கியர் போடுங்கள்.

சூடாகும்வரை ரிவர்ஸோ டிரைவோ விழவே இல்லை, விழுந்தபின் உறுதியாகப் பிடிக்கிறது என்றால், கிளட்ச் பிஸ்டனின் ரப்பர் சீல் இறுகிப்போயிருக்கலாம். குளிரில் அதன் உதடு சுவரில் ஒட்டாமல் ஆயில் கசியும். சூட்டில் இளகி மூடிக்கொள்ளும். சீலை உப்பவைக்கும் திரவங்கள் சிலகாலம் ஒப்பேற்றும், அவ்வளவுதான். உறுதிசெய்ய, 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் அழுத்தமானியை கியர்பாக்ஸின் சோதனைத் துளையில் பொருத்துங்கள். குளிரிலேயே பிரதான அழுத்தம் கையேட்டின் அளவுக்கு வந்தும் கியர் விழாவிட்டால் சீலின் மேல் சந்தேகம்; அழுத்தமே ஏறாவிட்டால் ஃபில்ட்டர், பம்ப், ரெகுலேட்டர் வால்வு.

கியர் தாமதமாக, இடித்து மாறினால், ஜி.எம்.மின் டி.எச்.350, டி.எச்.400, ஃபோர்டு சி6 போன்ற கியர்பாக்ஸ்களில், எஞ்சினின் வெற்றிட அழுத்தத்தைக் கொண்டு கியர் மாறுவதைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் மாடுலேட்டரின் ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. ஜி.எம். 700ஆர்4-இல், ஆக்சிலரேட்டர் அசைவைக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும் டி.வி. கேபிளில் ஈரம் உறைந்து சிக்கியிருக்கலாம். இழுத்துவிட்டால் தானே சட்டென்று திரும்ப வேண்டும்.

ஓவர்டிரைவ், அதாவது நெடுஞ்சாலை ஓட்டத்துக்கான மேல் கியர், விழவில்லையா? எலக்ட்ரானிக் வண்டிகள் பல, எஞ்சின் சூடாகும்வரை கன்வெர்ட்டர் லாக்கை (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்காமல் நேராகப் பூட்டுவது) வேண்டுமென்றே தடுக்கும். சிலவற்றில் ஓவர்டிரைவையும் சேர்த்து. இருபது நிமிடம் ஓடியும் விழாவிட்டால் கியர்பாக்ஸை விடுங்கள், எஞ்சின் சூடாகிறதா என்று ரேடியேட்டரின் மேல் குழாயைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் சரி. தொடக்கம் முதலே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் அது திறந்தே சிக்கியிருக்கிறது. பேட்டரியையும் அளந்துவிடுங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.5–14.5. கியரை மாற்றும் மின் வால்வுகளான சொலினாய்டுகளுக்கு மின்சாரம் வராத 4எல்60இ மூன்றாம் கியரிலேயே நின்றுவிடும்.

இதற்குமேல் மெக்கானிக்கிடம் போகும்போது எழுதிய விநாடிகளையும் கொண்டுபோங்கள். வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை அவரையே செய்யச் சொல்லுங்கள்.